சராசரியாகப் பதினாறு டிகிரி

1

இந்தக் கதையின் கோபம் என் நாத்தனாருடையது. நான் இரவல் வாங்கி வந்திருக்கிறேன். இரவல் பொருளைத் திருப்பித் தரும்போது ஒரு கீறலாவது விழுந்திருக்கும், இதிலும் விழலாம்.

போன வியாழக்கிழமை தொலைபேசியில் அழைத்தாள். வழக்கமாக "அண்ணி, சாப்பிட்டீங்களா" என்று தொடங்குபவள், அன்று நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"அண்ணி, நீங்க கதை எழுதுறவங்கதானே. ஒரு உயிரைத் தட்டு நிறையச் சாப்பாட்டுக்கு நடுவுல உக்கார வச்சு, பட்டினி போட்டே கொல்லலாம்னு எழுதுனா யாராவது நம்புவாங்களா?"

"யாரு கொன்னா?"

"அதைத்தான் திங்கட்கிழமை முடிவு பண்ணப் போறாங்க. தொட்டிக்குத் தீனி ஊத்துற பாசிக்காரர்தான்னு முடிவு பண்ணிட்டு, அதுக்கப்புறம் முடிவு பண்ணக் கூடுறாங்க."

அவள் வேலை பார்ப்பது விசிறிச் சிப்பிகளைப் பொரிக்க வைத்து வளர்க்கும் இடத்தில். கைவிசிறி போல விரிந்த ஓடு, உள்ளே வெள்ளைவெளேரென்று உருண்டையாக ஒரு தசை. பெரிய ஓட்டல்களில் நான்கைத் தட்டில் வைத்து நாற்பதுக்கான விலை போடுவார்களே, அந்தச் சிப்பி. அங்கே அவள் தொட்டிப் பொறுப்பாளர். எவரைப் பார்த்தாலும் "இப்ப எத்தனை டிகிரி?" என்று கேட்பதால் அவளுக்கு டிகிரி என்றே பெயர். புதிதாகச் சேர்பவர்கள் அவள் நிறையப் படித்தவள் போலிருக்கிறது என்று எழுந்து நிற்பார்களாம். உண்மையில் அவள் நிறையப் படித்தவள்தான். ஆனாலும் பெயர் அதனால் வந்ததில்லை.

"எழுதுங்க அண்ணி. திங்கட்கிழமைக்குள்ள எழுதுங்க. நான் அங்க போய் என்ன சொல்றதுன்னு எனக்கே தெரியல. நீங்க எழுதுனதைப் பார்த்தாவது தெரியட்டும்."

கதை எழுதி யாருக்காவது வழி தெரிந்திருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. சரி என்றேன்.

2

முதல் தொடக்கம்: "அன்று அந்தத் தொட்டிகளின் மேல் மரணத்தின் மணம் ஒரு மெல்லிய திரைபோல"

இதற்கு மேல் எழுதவில்லை. செத்த சிப்பி நாறும். அதைத் திரை, மணம் என்றெல்லாம் சொல்லும் கையை ஒருமுறை தட்டிவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: "எனக்குப் பல பத்துக் கண்கள். ஓட்டின் விளிம்பு முழுக்க நீலமணி கோத்ததுபோல. அத்தனை கண்களாலும் பார்த்தேன், ஒருவன்கூட என்னை"

இதை நாத்தனாருக்குப் படித்துக் காட்டினேன். நன்றாகச் சிரித்தாள்.

"கண்ணெல்லாம் இருக்கு அண்ணி, அது நிஜம். நிழல் ஆடுனாத் தெரிஞ்சுக்கும். ஆனா உங்களை மாதிரிக் கண்ணைக் கசக்கிக் கதை சொல்லாது. அதைப் பேச வைக்காதீங்க. அது பேச முடியாததாலதான இவ்வளவும் நடந்துச்சு."

ஆகவே மூன்றாம் தொடக்கம். தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். கதை கேட்க வந்தவரிடம் பாடம் நடத்துகிறாளே என்று நினைக்காதீர்கள். இந்தப் பாடம் தெரியாமல் கதையைக் கேட்டால் நீங்களும் பாசிக்காரரைத்தான் கைகாட்டுவீர்கள்.

3

நம் உடம்புக்குள் ஓர் அடுப்பு எரிகிறது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஏறக்குறைய ஒரே சூடு. சிப்பிக்கு அந்த அடுப்பு கிடையாது. சுற்றியிருக்கும் தண்ணீர் என்ன சூடோ, அதுதான் அதன் தசையின் சூடு, இதயத்தின் சூடு. (ஆம், இதயம் உண்டு. ஓட்டின்மேல் ஒரு சின்ன உணர்கருவியை ஒட்டினால், ஓட்டைத் திறக்காமலே துடிப்பைத் திரையில் பார்க்கலாம். முதல்முதலாக அதைப் பார்த்த அன்று நாத்தனார் மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டாளாம்.)

உடம்புக்குள் நடக்கும் வேலைகள் எல்லாம் சூட்டில் வேகம் பிடிக்கும். பத்து டிகிரி ஏறினால் சுமார் இரண்டு மடங்கு வேகம். வேகம் கூடினால் ஆக்சிஜனும் அதிகம் வேண்டும். ஆனால் தண்ணீரின் குணம் நேர் எதிர். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜன் நிறையக் கரைந்து நிற்கும். சூடு ஏற ஏற அது குறைந்துகொண்டே வரும். வீட்டில் செலவு ஏறுகிற மாதம் பார்த்துச் சம்பளத்தைப் பிடிக்கிற முதலாளி மாதிரி.

சாப்பாட்டுக் கதை இதைவிட அழகானது. சிப்பிக்கு மூச்சு விடவும் சாப்பிடவும் ஒரே உறுப்பு, செவுள். அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான மயிர்கள், துடுப்புப் போடுவதுபோல ஒரே தாளத்தில் அசைந்து தண்ணீரை உள்ளே இழுக்கும். தண்ணீரோடு வரும் நுண்பாசி சல்லடையில் மாவு நிற்பதுபோலச் செவுளில் நிற்கும். அதுதான் உணவு. தண்ணீர் கொஞ்சம் வெதுவெதுப்பானால் துடுப்புகள் வேகமாக அசையும். சிப்பி அதிகம் சாப்பிடும், கிடுகிடுவென்று வளரும். எல்லாரும் ஏமாறுவது இந்த இடத்தில்தான். கொஞ்சம் சூடு நல்லது என்றால் இன்னும் கொஞ்சம் இன்னும் நல்லது என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் துடுப்புகள் தாளம் தப்பும். உள்ளே வரும் உணவு குறையும். உடம்பின் செலவோ குறைவதில்லை. சூடு அதை ஏற்றிக்கொண்டேதான் இருக்கும். அப்போது சிப்பி தன் தசையில் சேர்த்து வைத்த சர்க்கரைச் சேமிப்பை எடுத்துத் தின்னத் தொடங்கும். இதயம் மேலும் மேலும் வேகமாக அடித்துப் பார்க்கும். ஒரு கட்டத்தில் அதுவும் தடுமாறி இறங்கிவிடும்.

[ஒரு பக்கக் குறிப்பு. ஆளி என்கிற சிப்பி வகை, இரண்டு ஓட்டையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு, உள்ளிருக்கும் ஈரத்தை வைத்து, ஆக்சிஜன் இல்லாமலே கெட்ட காலத்தைக் கடத்திவிடும். அலை வடியும்போது பாறையில் வெயில் காயும் மட்டிகள் தினமும் சூட்டுக்கும் குளிருக்கும் பழகியவை. ஓரளவு ஏற்ற இறக்கம் சிலவற்றை உறுதியாக்கக்கூடச் செய்யும். விசிறிச் சிப்பி வேறு சாதி. ஒரே குளிரில் கிடக்கும் கடலடியில் வாழ்ந்து பழகியது. அதன் ஓடு சாத்தினாலும் ஓரத்தில் இடைவெளி இருக்கும். கதவைச் சாத்தி ஒளிந்துகொள்ள அதற்கு வீடே சரியில்லை. ஆபத்து என்றால் ஓட்டைப் பட்பட்டென்று அடித்து, தண்ணீரைப் பீய்ச்சி, நீந்தி ஓட மட்டும் தெரியும். தொட்டிக்குள் எங்கே ஓடும்?]

பாடம் முடிந்தது. இனி ஆட்கள்.

4

தொட்டிக் கூடம் நீளமானது. எப்போதும் ஈரமான சிமெண்டுத் தரை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், சுவரோரம் பாம்புபோல் சுருண்ட குழாய்கள். கடலிலிருந்து இரண்டு வழியாகத் தண்ணீர் வரும். ஆழக் குழாயில் வருவது குளிர்ந்தது. அதை இழுக்கப் பெரிய பம்ப் வேண்டும். கரையோரக் குழாயில் வருவது வெயில் குடித்த தண்ணீர். சின்ன பம்ப் போதும். இரண்டையும் கலந்து கலந்து தொட்டியைப் பதினாறு டிகிரியில் நிறுத்துவதுதான் அவள் வேலை. அம்மா குளிப்பாட்டும்போது கையை விட்டு விட்டுப் பார்ப்பாளே, அப்படி நாள் முழுவதும்.

மேலாளர் புதிதாக ஒரு கூட்ட அறை கட்டினார். சிப்பி வாங்க வருகிறவர்களை உட்கார வைக்க. கண்ணாடிச் சுவர், மெத்தை நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு குளிர்சாதனம். அதுவும் ஆழக் குழாய்ப் பம்ப்பும் ஒன்றாக ஓடினால் மின்சாரம் பட்டென்று போய்விடும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் புது இணைப்புப் போட்டிருக்கலாம். அதற்குள் வெயில் காலம் வந்துவிட்டது. விருந்தாளிகளும் வந்துவிட்டார்கள்.

மேலாளர் ஒரு வழி கண்டுபிடித்தார். பகலில் பெரிய பம்ப்பை நிறுத்துவது. ராத்திரியில் விட்ட குறைக்குச் சேர்த்து வைத்து ஓட்டுவது.

அவள் அவருடைய அறை வாசலில் நின்றாள். பூட்ஸிலிருந்து தண்ணீர் சொட்டியதால் உள்ளே வர வேண்டாம் என்று கையைக் காட்டியிருந்தார்.

"சார், மத்தியானம் இருபத்திரண்டுக்குப் போகுது."

"ராத்திரி?"

"பத்து."

"கூட்டி ரெண்டால வகுங்க."

"பதினாறு."

"நமக்கு எவ்வளவு வேணும்?"

"பதினாறு. ஆனா சார்"

"அப்புறம் என்னம்மா பிரச்சினை?"

இந்த இடத்தில் நாத்தனார் தொலைபேசியிலேயே கொதித்தாள்.

"அண்ணி, எங்கம்மா காலையில உங்களைத் திட்டுவாங்க. சாயங்காலம் கொஞ்சுவாங்க. கூட்டி ரெண்டால வகுத்தா வீடு அமைதியா இருந்துச்சுன்னு வரும். இருந்துச்சா?"

என் மாமியார் அடுத்த அறையில் இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை.

(இதைக் கதையில் வைக்கலாமா என்று யோசித்தேன். வைத்துவிட்டேன். அவருக்கு வாசிக்கும் பழக்கம் இல்லை.)

சூடு மெல்ல ஏறினால் சிப்பி தன்னை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். செல்களின் மேற்சவ்வுக் கொழுப்பை மாற்றும். வளைந்து சிதையும் புரதங்களைத் தட்டி நேராக்க வேறு புரதங்களைச் செய்யும். அதற்கு நாட்கள் வேண்டும், சாப்பாடும் வேண்டும். இங்கே மத்தியானம் வெயிலுக்கு உடுத்தினால் ராத்திரி பனிக்கு மாற்ற வேண்டும். உடுத்துவதிலேயே உயிர் போய்விடும்.

சுவரில் ஒரு திரை மாட்டியிருந்தார்கள். கூட்ட அறையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். அதில் பெரிய பச்சை எழுத்தில் 'இன்றைய சராசரி 16'. அது ஒருநாளும் சிவக்கவில்லை.

5

இப்போது கேக் வெட்டிய கதை. இதை நான் இட்டுக்கட்டினேன் என்று நினைப்பீர்கள். இட்டுக்கட்டுவதாக இருந்தால் இவ்வளவு மோசமாக இட்டுக்கட்ட எனக்கு மனம் வந்திருக்காது.

விருந்தாளிகள் ஐந்தாறு பேர். மத்தியான வேளை. மேலாளர் அவர்களைத் தொட்டிக் கூடத்துக்கு அழைத்து வந்தார். தாய்ச் சிப்பிகள் இருந்த தொட்டியில் ஒரே அமர்க்களம். ஒவ்வொன்றும் ஓட்டை அடித்துக்கொண்டு எம்பி எம்பி நீந்தியது, சுவரில் மோதியது, விழுந்தது, மறுபடி எம்பியது.

"பாருங்க, உங்களை வரவேற்குதுங்க" என்றார் மேலாளர்.

விருந்தாளிகள் கைதட்டினார்கள்.

டிகிரி தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றாள். ஒவ்வொரு அடிக்கும் தசையின் சேமிப்பு எவ்வளவு கரைகிறது, இந்தச் சூட்டில் அதை மீட்க எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். எரிகிற வீட்டின் சன்னலில் கையசைப்பவரைப் பார்த்து யாராவது பதிலுக்குக் கையசைப்பார்களா? இங்கே அசைத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது தண்ணீர் ஓரிடத்தில் வெள்ளையாகப் புகைந்தது. பிறகு இன்னோர் இடத்தில். கொஞ்ச நேரத்தில் தொட்டி முழுக்கப் பால் கலக்கியதுபோல் ஆனது.

சிப்பிகள் கருமுட்டையையும் விந்தையும் தண்ணீரிலேயே விடும். வசந்தம் வந்து கடல் கொஞ்சம் சூடாவதுதான் அவற்றுக்கு நாள் பார்த்துச் சொல்வது. பொரிப்பகத்தில் வேண்டுமென்றே சில டிகிரி ஏற்றி அந்த நாளை வரவழைப்பதும் உண்டு. அதற்கு முன் நல்ல தீனி கொடுத்து, கரு முதிரவிட்டு, குஞ்சுத் தொட்டிகளைத் தயாராக வைத்திருப்பார்கள். இங்கே ஒன்றும் தயாராக இல்லை. தண்ணீர் ஏமாற்றியது, அவை நம்பிவிட்டன.

"சார், குஞ்சுத் தொட்டி காலியா கிடக்கு. பாசி இன்னும் தயாராகல. இதெல்லாம் வடிகால்லதான் போகும். இது சந்தோசமான விஷயம் இல்லை சார்" என்று அவர் காதருகே போய்ச் சொன்னாள்.

"நல்ல நேரத்துல வாயைக் கழுவிட்டுப் பேசும்மா" என்றார் சிரித்த முகம் மாறாமல். பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி, "நம்ம தொட்டியில இன்னிக்குப் பிரசவம்" என்றார்.

உடனே ஆள் அனுப்பிக் கேக் வாங்கினார்கள். கூட்ட அறையில் வெட்டினார்கள். அறை அவ்வளவு குளிர்ந்திருந்ததால் ஒரு விருந்தாளி அம்மா சால்வை கேட்டார். குளிர்சாதனத்தைக் குறைக்கலாமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சால்வையைத் தேடி ஓடினார்கள்.

'டிகிரிக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். அவள் அதைத் தொடவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"தொட்டேன். தின்னேன். காலையிலிருந்து ஒண்ணும் சாப்பிடல" என்றாள் நாத்தனார். "தின்னலைன்னு எழுதி என்னைத் தியாகி ஆக்காதீங்க அண்ணி. தியாகின்னா எல்லாரும் ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிருவாங்க."

6

எனக்கு மேலாளர் மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு முட்டாளாக ஒரு பாத்திரம் இருந்தால் வாசகர் நம்புவாரா? ஆகவே அவருக்கு நோயாளி அம்மா ஒருவரைக் கொடுத்தேன். அவர் ராத்திரி கண் விழித்து மருந்து

நாத்தனார் படித்துவிட்டுக் கேட்டாள்: "இந்த அம்மா எங்கிருந்து வந்தாங்க?"

"அவரும் மனுசன்னு காட்டுறதுக்கு."

"அவங்க அம்மா குத்துக்கல்லு மாதிரி இருக்காங்க. போன மாசம் வந்து தொட்டியைப் பார்த்துட்டு, ஒரு டஜன் வாங்கிட்டுப் போனாங்க. நீங்க ஏன் அண்ணி தப்பு பண்ணினவனுக்கு எல்லாம் உடனே ஒரு நோயாளியைத் தேடுறீங்க? அவர் முட்டாள் இல்ல. நல்லா வகுக்கத் தெரிஞ்சவர். வகுக்கத் தெரிஞ்சவங்ககிட்டதான் நான் பயப்படுறேன்."

அம்மாவை எடுத்துவிட்டேன். உறவு எதுவும் வேண்டாமா என்றால், ஒன்று நிஜமாகவே உண்டு: அவர் முதலாளியம்மாவின் தங்கை மகன். அலுவலகத்தில் 'மேடம்', வீட்டில் 'பெரியம்மா'.

பாசிக்காரர் விஷயத்திலும் இதே கூத்து. நுண்பாசியை வளர்த்துத் தொட்டிகளுக்கு ஊற்றுவது அவர் வேலை. விளக்கு வெளிச்சத்தில் ஆள் உயரக் குப்பிகள், உள்ளே பச்சையும் பழுப்புமாகக் குமிழி விடும் தண்ணீர். அவற்றின் நடுவே அவர். நான் அவரை நல்லவராக எழுதினேன். அமைதியானவர், கனிவானவர், சிப்பிகளோடு பேசுபவர்.

"யாரைச் சொல்றீங்க?" என்றாள் நாத்தனார். "அந்த ஆளு ரேடியோவை அலற விடுவாரு. என் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து, 'இன்னிக்கும் இதுதானா'ன்னு கேப்பாரு. என்னைத் தெர்மாமீட்டர்னு கூப்பிடுவாரு. எனக்கு அவரைப் பிடிக்கவே பிடிக்காது."

"அப்புறம் ஏன் அவருக்காக இவ்வளவு"

"ஏன், நல்லவரா இருந்தாத்தான் செய்யாத தப்புக்குப் பழி போடக் கூடாதா?"

நான் கனிவை அழித்தேன். ரேடியோவை வைத்தேன்.

7

கேக்குக்குப் பிறகு வந்த நாட்களில் பாசிக்காரர் தீனியைக் கூட்டினார். கரு விட்ட உடம்புக்கு ஊட்டம் வேண்டும் என்பது அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு மத்தியானம் ரேடியோவை அணைத்துவிட்டு அவளிடம் வந்தார். ரேடியோ அணைந்ததிலேயே அவளுக்குப் பயம் வந்தது.

"என்னம்மா தெர்மாமீட்டர், உன் பிள்ளைங்களுக்கு என் கைப்பக்குவம் பிடிக்கலையா? ஊத்துனது ஊத்துன மாதிரியே பச்சையா நிக்குது."

அவள் தொட்டியைக் குனிந்து பார்த்தாள். எப்போதும் ஊற்றிய சில மணி நேரத்தில் சிப்பிகள் வடிகட்டித் தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும். இப்போது தண்ணீர் பச்சை. சிப்பிகள் வாய் திறந்தபடி கிடந்தன. ஒன்றின் விளிம்பை விரலால் தொட்டாள். சட்டென்று மூட வேண்டியது, தூக்கத்தில் கதவைத் திறக்க வருகிறவரைப் போல மெதுவாக, பாதி மூடி, மறுபடி திறந்துகொண்டது.

துடுப்புகள் நின்றுவிட்டன என்று அவளுக்குப் புரிந்தது. தட்டில் சாப்பாடு இருக்கிறது, கை எழவில்லை.

மேலாளரிடம் ஓடினாள். அவர் திரையைக் காட்டினார். பச்சை எழுத்து. பதினாறு.

அடுத்த சில நாட்களில் தாய்ச் சிப்பிகளில் பெரும்பாலானவை செத்தன. முதலாளியம்மா வருகிறார் என்று தெரிந்ததும், நாற்றம் தாங்கவில்லை என்று சொல்லி மேலாளர் தொட்டிகளை வடித்துக் கழுவச் சொன்னார். தீனி ஊற்றியதற்குச் சாட்சியாக மிச்சமிருந்த பச்சைத் தண்ணீரும் அதோடு போயிற்று. ஓடுகள் சிலவற்றைத் திறந்து தட்டில் வைத்திருந்தார்கள். உருண்டு திரண்டு இருக்க வேண்டிய தசை, சாம்பல் நிறத்தில் தண்ணீராகச் சுருங்கியிருந்தது. பட்டினியில் செத்த உடம்பு என்று குழந்தைகூடச் சொல்லும்.

மேலாளர் அதை வைத்துக் கணக்குப் போட்டார். "வெப்பநிலை வரம்புக்குள்ள இருந்துச்சு. தண்ணி ஓடுச்சு. எல்லாம் மெலிஞ்சு செத்திருக்கு. தீனி போடுறது யாரு?"

ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியாக எடுத்துப் பாருங்கள். எல்லாம் உண்மை. செங்கல் ஒவ்வொன்றும் நல்ல செங்கல். கட்டி முடித்த வீடு மட்டும் பொய். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

பிறகு அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம் உங்ககிட்ட ஒரே கேள்விதான் கேப்பாங்க. வெப்பநிலை வரம்புக்குள்ள இருந்துச்சான்னு. ஆமான்னு சொல்லுங்க, போதும். நான் ஒண்ணும் உங்களைப் பொய் சொல்லச் சொல்லலையே. இருந்துச்சா இல்லையா?"

வரம்பு சராசரிக்குத்தான் என்று என்றைக்கோ வகுத்தவர்கள் வகுத்துவிட்டார்கள். சராசரி வரம்புக்குள்தான் இருந்தது. அவள் 'ஆமா' என்றால் பாசிக்காரர் வீட்டுக்குப் போவார். வேறெங்கும் அவரைச் சேர்க்கவும் மாட்டார்கள், தீனி போடாமல் கொன்றவன் என்ற பெயர் அவருக்கு முன்னால் போய் நிற்கும். 'இல்லை' என்றால் திரையைக் காட்டி அவளைப் பொய்க்காரி ஆக்கலாம், அடுத்து அவளே வீட்டுக்குப் போகலாம்.

8

ஞாயிற்றுக்கிழமை மூன்று முடிவுகள் எழுதினேன்.

முடிவு அ: அவள் எழுந்து நிற்கிறாள். செவுள், சேமிப்பு, இதயம் எல்லாவற்றையும் விளக்குகிறாள். அறையே அசந்து போகிறது. முதலாளியம்மாவின் கண்

"இவ்வளவு நேரம் என்னை யாரு பேச விடுவா?" என்றாள் நாத்தனார்.

முடிவு ஆ: அவள் 'ஆமா' என்கிறாள். பாசிக்காரர் குப்பிகளின் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துவிட்டு, ரேடியோவைப் பையில் போட்டுக்கொண்டு, வெயிலில் நடந்து போகிறார். பச்சை மெல்ல அடியில் படிகிறது.

இதை இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்ப அழகா இருக்கு அண்ணி. அதான் பிடிக்கல. ஒருத்தர் பிழைப்புப் போறதை உங்களால எப்படி இவ்வளவு அழகா எழுத முடியுது?"

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அது என் நல்ல பத்திகளில் ஒன்று.

முடிவு இ: மேலாளர் மனம் மாறுகிறார். இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப என்னதான் சொல்லப் போறே?" என்று கேட்டேன்.

"தெரியல. ஆனா அவங்க கேள்வியைக் கேக்கும்போது அது எனக்குப் பதில் சொல்ல முடியாத கேள்வின்னு மட்டும் தோணுது. 'ஆமா'வும் தப்பு, 'இல்லை'யும் தப்புன்னா, கேள்வி மேலதானே ஏதோ கோளாறு இருக்கணும்?"

9

திங்கட்கிழமை நடந்ததை அவள் சொன்னபடி எழுதுகிறேன். இதில் என் கைவேலை எதுவும் இல்லை.

கூட்ட அறை. மேசைத் தலைமாட்டில் முதலாளியம்மா. வலப்பக்கம் மேலாளர். பாசிக்காரரை உட்காரச் சொல்லவில்லை. அவர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கேட்டதற்கு, "நான் ஊத்துனேன். அது தின்னலை. வேற என்ன சொல்லச் சொல்றீங்க?" என்று மட்டும் சொன்னார். சொன்ன விதம் மரியாதையாக இல்லை. மேலாளர் 'பார்த்தீர்களா' என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

முதலாளியம்மா டிகிரியின் பக்கம் திரும்பினார். களைத்த முகம், கெட்ட முகம் இல்லை.

"நீங்கதானேம்மா தொட்டிப் பொறுப்பு? ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். தண்ணி வெப்பநிலை வரம்புக்குள்ள இருந்துச்சா?"

"எத்தனை மணிக்கு மேடம்?"

"என்ன?"

"எத்தனை மணிக்கு இருந்த வெப்பநிலையைக் கேக்குறீங்க?"

"பெரியம்மா, அவங்க தேவையில்லாம" என்று மேலாளர் தொடங்கினார். அலுவலகத்தில் அந்த வார்த்தை அதுவரை யார் காதிலும் விழுந்ததில்லை. கதவோரம் நின்றவர் முதல்முறையாகத் தலையை நிமிர்த்தினார்.

டிகிரி நிறுத்தவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை.

"ராத்திரி பத்து இருந்துச்சு மேடம். மத்தியானம் இருபத்திரண்டு. நீங்க கேக்குற அந்தப் பதினாறு, தினமும் ரெண்டு தடவை வந்துச்சு. மேல ஏறும்போது ஒரு தடவை, கீழ இறங்கும்போது ஒரு தடவை. வந்துச்சு, போச்சு. ஒருநாளும் நிக்கல."

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். நாத்தனார் சொல்லிவிட்டாள். நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நீங்கள் ஒன்று 'அப்பாடா' என்பீர்கள், அல்லது 'ச்சே, பாவம்' என்பீர்கள். இரண்டையும் சொல்லிவிட்டுப் புத்தகத்தை மூடிவைத்து எழுந்து போகலாம். எனக்கு இருக்கிற இரவல் கோபத்தில், உங்களை அப்படி எழுந்து போக விட மனமில்லை.

ஆகவே முதலாளியம்மாவை நான் அந்த அறையிலிருந்து அனுப்பிவிட்டேன். அந்த மெத்தை நாற்காலியில் இப்போது நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். வலப்பக்கம் இருப்பவன் உங்கள் தங்கை பிள்ளை, தூக்கி வளர்த்திருப்பீர்கள். எதிரே நிற்பவள் இன்னும் ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டாள். அவளால் முடிந்ததைச் சொல்லிவிட்டாள். துடுப்பு எப்போது நிற்கும், இதயம் எப்போது தடுமாறும், தட்டு நிறைய இருந்தும் ஓர் உயிர் எப்படிப் பட்டினி கிடக்கும், எல்லாம் உங்களுக்கு இப்போது தெரியும். பக்கம் பக்கமாக விளக்கியிருக்கிறேன். அந்த நாற்காலியில் உட்காருகிறவர்கள் வழக்கமாகச் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: 'இது எனக்குத் தெரியாதே.' அதை மட்டும் உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். மற்ற எந்த வாக்கியத்தையும் நீங்கள் சொல்லலாம்.

கதவோரம் நிற்கும் ஆள் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சொல்லுங்கள்.